பத்மா வீட்டுப் பெயர்களை அழித்த அன்று

நான் டில்லி லக்ஷ்மிபாய் நகரில் வசிக்கிறேன். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். கோவில் அர்ச்சனைப் பெயர்களைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தர ஆசைப்பட்டு, கரோல் பாக்கில் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி வகுப்பில் சேர்ந்தேன்.

"மாமிக்கு தோசை வார்த்து அலுத்துப் போச்சு, இனிமே புரோகிராம் வார்ப்பா" என்று பக்கத்து வீட்டு பத்மா கோவிலில் எல்லோர் எதிரிலும் சிரித்தாள். அதை நான் மறக்கவில்லை.

'குடும்பம்' என்று ஒரு கிளாஸ், அதாவது எல்லா வீட்டுக்கும் பொதுவான அச்சு, எழுதி, ஒவ்வொரு வீட்டையும் அதில் வார்த்த ஓர் ஆப்ஜெக்ட் ஆக்கினேன். முதல் பிரிண்ட் எடுத்த நாளில்தான் என் கணவருக்கு ஆபரேஷன். பத்மா வீட்டுப் பெயர்களை மட்டும் பழிக்குப் பழியாக அழித்துவிட்டு, பிரிண்ட் எடுத்த தாளைப் பார்க்காமலே கோவிலுக்கு ஓடினேன்.

"மாமி, இதுல ஒருத்தர் பேருமே இல்லையே, மாமா பேர் என்ன?" என்றார் குருக்கள். கணவர் பெயரைச் சொல்லிப் பழக்கமில்லாத எனக்கு நாக்கு எழவில்லை. பின்னாலிருந்து பத்மாதான், "மாமா பேர் ராமநாதன், சுவாதி நட்சத்திரம்" என்றாள். அர்ச்சனை நடந்தது. அம்பாள் அருளால் அவர் பிழைத்தார்.

பெயர்களை அந்தந்த ஆப்ஜெக்டுக்குள் வைக்காமல் கிளாஸில் பொதுவாக வைத்ததால், ஒரு வீட்டை அழித்ததும் எல்லா வீடும் அழிந்தது என்று வகுப்பில் சொன்னார்கள். இப்போது தனித்தனியாகவே வைக்கிறேன். பத்மா மேல் கோபம் தீரவில்லை. அவள் உதவியது இன்னும் எரிகிறது. ஆனாலும் அவள் வீட்டுப் பெயர்கள் வந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே தாளைக் குருக்களிடம் கொடுக்கிறேன்.