நாமகிரிப்பேட்டைக்கு ஓர் ஒற்றன்

சங்ககிரியில் நான் ஏறிய லாரியின் டிரைவர் போனில் கதை போட்டுக் கேட்கிறவர். அன்றைக்கு ஓடிய கதையில் பாரசீகத்து அரண்மனை வித்துவான் ஒருவன் சீன மன்னரின் சபைக்கு வாசிக்கப் போகிறான். வாசிப்பது வெளிவேஷம். உண்மையில் அவன் ஒற்றன்.

"பாட்டுக்காரன ஆரு சந்தேகப்படுவா? நல்ல யோசனைதானுங்க," என்றார் டிரைவர்.

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த வேலையை நானும் கொஞ்ச காலம் பார்த்திருக்கிறேன்.

ஏழாவதோடு படிப்பு நின்று, ஆத்தூர் பக்கம் இருந்த எங்கள் வீட்டை விட்டுக் கிளம்பியவன் நான். லாரியில் கிளீனராக இருந்தேன். போர்வெல் போடும் ரிக் வண்டியில் ராடு தூக்கினேன். மேட்டூர் அணையில் வலை இழுத்தேன். எதிலும் நிலைக்கவில்லை. கடைசியில் ஒரு பேண்ட் செட்டில் டிரம்பெட் ஊதப் பழகினேன். கோயில் நோன்பி, அதாவது திருவிழா, வரும் மாதங்களில் ஊர் ஊராக ஊதுவது, மற்ற மாதங்களில் பள்ளிபாளையத்தில் ஆற்றோரத் தெருவில் ஒரு பட்டறையில் தறி ஓட்டுவது என்று வண்டி ஓடியது. தறிகளுக்கு நடுவில்தான் படுக்கை. பஞ்சு மூக்கில் ஏறும், இருமல் வரும், பழகிவிடும்.

பட்டறை முதலாளிக்கு ஒரே மகள். அவள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு நாமகிரிப்பேட்டைக்குப் போய்விட்டாள். நான் வேலைக்குச் சேருவதற்கு முந்தைய சங்கதி இது. முதலாளி அவளைத் தலைமுழுகிவிட்டார். அன்றைக்கு முதலாளியம்மாவும் பக்கத்திலேயே நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். இது மகளுக்குத் தெரிந்துபோயிற்று. போன் நம்பரை மாற்றிவிட்டாள். அந்த வீட்டில் அவள் பேரை யாரும் எடுப்பதில்லை. சுவரில் படம் மாட்டியிருந்த ஆணி மட்டும் இருந்தது.

ஒரு பங்குனியில், தறிக்காரர்களுக்கு டீ கொண்டுவந்த முதலாளியம்மா என் பக்கத்தில் மட்டும் நின்றார்.

"ஏனுங்க சாமி, அடுத்த வாரம் எந்தூருக்குப் போறீங்க?"

"நாமகிரிப்பேட்டைங்கம்மா. மாரியம்மன் நோன்பிக்கு."

தறிச் சத்தத்தில் அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. தறியை நிறுத்தினேன். அவர் பதறி, "ஓட்டுங்க, ஓட்டுங்க, சத்தம் நின்னா அவரு எட்டிப் பாப்பாரு," என்றார். மறுபடி ஓட்டினேன். காதருகே குனிந்து சொன்னார்: மஞ்சள் மண்டிக்குப் பின்னால் ஒரு தெரு, பச்சை கேட் போட்ட வீடு. சேலை மறைவில் போனைத் திறந்து மகளின் படத்தைக் காட்டினார். "பாத்துட்டு வந்தாப் போதுஞ் சாமி. பேச வேண்டாம்."

இந்த வேலைக்கு டிரம்பெட்காரனைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. ஊர்வலம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கும். வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் வெளியே வருவார்கள். முன்பின் தெரியாத ஓர் ஆண் வீட்டுக்குள் வெறித்துப் பார்த்தால் உதை விழும். வாயில் டிரம்பெட் இருந்தால் யாரும் கண்ணைக் கவனிப்பதில்லை.

போனேன், பார்த்தேன், வந்தேன்.

"பாத்தீங்களா சாமி?"

"பாத்தனுங்கம்மா. நல்லா இருக்காங்க."

"நல்லான்னா? இளைச்சிருக்குதா, பெருத்திருக்குதா?"

"நடுவாந்தரமா…"

"கழுத்துல தங்கக் கொடியா, மஞ்சக் கயிறா?"

"கவனிக்கலீங்க."

"சாமிக்குத் தேங்கா பழத் தட்டத்த அவ கொண்டாந்தாளா, மாமியாரு கொண்டாந்துச்சா?"

எனக்கு நினைவில்லை.

"அப்பறம் என்னத்தப் பாத்தீங்க? கன்னத்த ஊதிக்கிட்டு, மாடு தவுட்டுத் தொட்டியப் பாத்த மாதிரி பாத்துட்டு வந்தீங்களாக்கும்!" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரித்துக்கொண்டே போய், பாவு நூல் அடுக்கியிருந்த மூலையில் கொஞ்ச நேரம் திரும்பி நின்றார்.

அதற்குப் பிறகு எங்கே ஊதினாலும் பார்க்கப் பழகிக்கொண்டேன். எந்தப் பெண் முதலில் வெளியே வருகிறாள், எவள் மற்றவர்களுக்குப் பின்னால் நிற்கிறாள், வளையல் கண்ணாடியா தங்கமா, அவளை யார் எப்படிக் கூப்பிடுகிறார்கள். அப்படிப் பார்க்கும்போது சில சமயம், என்னைப் பார்த்துவரச் சொல்லி ஆத்தூர் பக்கத்திலிருந்து யாராவது யாரையாவது அனுப்பியிருப்பார்களா என்று தோன்றும். கூட்டத்தில் ஒரு முறை சுற்றிலும் பார்ப்பேன். பிறகு அடுத்த பாட்டு வந்துவிடும்.

மறு வருஷம் நாமகிரிப்பேட்டையில் பச்சை கேட்டுக்காரர்களே எங்களுக்கு நீர்மோர் கொடுத்தார்கள். ஊற்றியது அந்தப் பெண். கழுத்தில் கொடி. இடுப்பில் ஒரு பெண் குழந்தை.

"எந்தூருங்க நீங்க?" என்று பொதுவாகக் கேட்டாள்.

"நானு பள்ளிபாளையங்க," என்றேன்.

சொம்பு அப்படியே நின்றது. பிறகு ஊற்றினாள். பாலத்தில் இப்போதும் அவ்வளவு நெரிசலா என்று கேட்டாள். பேப்பர் மில் வாடை அடிக்கிறதா என்று கேட்டாள். ஆற்றில் தண்ணீர் போகிறதா என்றாள். ஆற்றோரத் தெருவில் தறிகள் ஓடுகின்றனவா, மூடிவிட்டார்களா என்றாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். இன்னும் ஒரு கேள்விக்காக டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எதையும் விடாமல் அம்மாவிடம் சொன்னேன். குழந்தை என்றதும் அவர் கை டீத் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டது.

"என்னையக் கேட்டாளா?"

"இல்லீங்கம்மா."

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் என்னை நம்பித்தானே அனுப்பினார்.

அடுத்த பங்குனிக்கு முன், நாமகிரிப்பேட்டை அம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக வேண்டியிருக்கிறேன் என்று அம்மா முதலாளியிடம் சொன்னார். பட்டறை வாசலில்தான் பேச்சு நடந்தது.

"ஏன், நம்மூர்ல மாரியாத்தா இல்லியா?"

"உங்க கால் வலிக்காக அங்கதான் வேண்டிக்கிட்டேன். நேந்தத நிறுத்தச் சொல்றீங்களா?"

நேர்ந்துகொண்டதை யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "வெயில் ஜாஸ்தியாக் கெடக்குது. பாத்துக் கூட்டிட்டுப் போப்பா," என்றார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று நான் துப்பறியவில்லை.

தீச்சட்டி எடுத்து வருகிறவர்களின் காலில் ஒவ்வொரு வீட்டாரும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். வருகிறவர் யார், என்ன சாதி, எந்த ஊர் என்று கேட்பதில்லை. அம்மாவின் கணக்கு இதுதான். மஞ்சள் சேலை, முகமெல்லாம் மஞ்சள், கையில் வேப்பிலைக்கு மேல் எரிகிற சட்டி. வரிசையில் அவரும் ஒருவர். எனக்கே அடிக்கடி தேட வேண்டியிருந்தது.

பச்சை கேட் வந்தது. அவள் குடத்தோடும் சொம்போடும் இறங்கினாள். முகத்தை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, சட்டியின் அனல் அப்படி. குனிந்தபடியே ஒவ்வொருவர் காலுக்கும் ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டு வந்தாள். அம்மாவின் காலுக்கும் ஊற்றினாள்.

அடுத்த காலுக்கு நகரவில்லை. குனிந்த தலை நிமிரவும் இல்லை. இன்னொரு சொம்பு ஊற்றினாள். பிறகு சொம்பைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கையால் அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, குடத்தையே சாய்த்தாள்.

அம்மா குனிய முடியாது. குனிந்தால் சட்டி சரியும். எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பாட்டு முடிந்துவிட்டது. நான் அதையே மறுபடி முதலிலிருந்து எடுத்தேன். டிரம்காரர்கள் வேறு வழியில்லாமல் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் மாஸ்டர் பக்கத்தில் வந்து, "ஏன்டா டேய், ஒரே ஊட்டு முன்னால எத்தன தடவடா? மோர் ஊத்துனாங்கன்னு ஊட்டையே எழுதி வெச்சுட்டாங்களா?" என்று பல்லைக் கடித்தார். வாயில் டிரம்பெட், பதில் சொல்ல முடியாது.

மாமியார் வாசற்படியிலிருந்து, "ஏஞ்சாமி, பின்னால இருக்கறவங்களுக்கு வேணுமில்ல?" என்றார்.

"கொண்டாரேனுங்க அத்தை," என்று எழுந்து, வெறும் குடத்தோடு உள்ளே போனாள். வரிசை நகர்ந்தது.

திரும்பும்போது ராசிபுரத்தில் பஸ் மாறி உட்கார்ந்தோம். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. கைவளை, பின்னல், குழந்தை தள்ளாடித் தள்ளாடி நடந்து கேட்டைப் பிடித்து நின்றது, எல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். அவர் எதையும் கேட்கவில்லை. சேலையின் கீழ்ப்பக்கம் முழங்கால் வரைக்கும் நனைந்து, பஸ்ஸின் தகரத் தரையில் மஞ்சளாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"பிழிஞ்சு விடுங்கம்மா," என்றேன்.

"இருக்கட்டுஞ் சாமி," என்று சொல்லி, ஈரத்தைக் கால்களோடு சேர்த்து இழுத்து வைத்துக்கொண்டார்.