கரகரப்பு ஆரம்பிக்கும் இடம்

காருக்கு ஆம்ப்ளிஃபையர் மாட்டிய வாரமே வீட்டில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. பாட்டு கணீரென்று இருக்கிறது என்பது என் கட்சி. காதில் ஊசி இறங்குகிறது என்பது மனைவியின் கட்சி. ஏழு வயது மகள் பின்சீட்டில் காதைப் பொத்திக்கொண்டு அம்மா பக்கம் சேர்ந்தாள்.

"ஒண்ணு அந்தப் பொட்டில கோளாறு கீது, இல்லாட்டி உங்க காதுல கோளாறு கீது. எதுன்னு பாருங்க" என்றாள் மனைவி.

பெட்டியில்தான் என்று நிரூபித்துவிடுவது என உட்கார்ந்தேன். காதாக இருக்கக் கூடாது. ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். தகட்டின் மேல் பிரஸ் இறங்கும் ஒவ்வொரு முறையும் தரை அதிரும். இயர் பிளக் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார்கள். அது கழுத்தில் தொங்கும், சூப்பர்வைசர் தலை தெரிந்தால் காதுக்கு ஏறும். அதை மாட்டிக்கொண்டால், தகட்டை வடிவத்துக்கு அழுத்தும் அச்சான டை மக்கர் பண்ணும்போது மாறும் சத்தம் கேட்காது என்பது நாங்கள் சொல்லும் காரணம். காதைப் பற்றிய பயம் எனக்கு இல்லாமல் இல்லை. யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

ஆம்ப் செட் பண்ணுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பாதிப் பேர் அதிலிருக்கும் கெயின் திருகியை வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருகிவிட்டு, பிறகு ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று கடைக்காரனைத் திட்டுவார்கள். அவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். பாட்டு ஓடும் டெக்கிலிருந்து வரும் சத்தத்துக்கு ஆம்ப் எவ்வளவு காது கொடுக்க வேண்டும் என்பதுதான் கெயின். டெக்கில் அடிச் சத்தத்துக்கான பேஸ், மேல் சத்தத்துக்கான டிரெபிள் எல்லாவற்றையும் நடுவில் வைத்துவிட வேண்டும். வால்யூமை முக்கால்வாசி ஏற்ற வேண்டும். கெயினைச் சுத்தமாக இறக்கி, நன்றாகப் பழகிய ஒரு பாட்டைப் போட்டு, சின்ன ஸ்க்ரூ டிரைவரால் மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் பாட்டில் கரகரப்பு தட்டும். அங்கிருந்து கொஞ்சம் பின்னுக்கு வந்து நிறுத்திவிட வேண்டும். டிரெபிளைத் தொடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

ஞாயிறு காலை மணிமங்கலம் ஏரிக்கரையில் வண்டியை ஓரங்கட்டி இதையெல்லாம் பிசகாமல் செய்தேன். கெயின் திருகியைக் கடிகாரமாக வைத்துக்கொண்டால், பத்து மணிக்கு முள் இருக்கும் இடத்தில் கரகரப்பு வரவில்லை. பன்னிரண்டிலும் வரவில்லை. மூன்று மணியைத் தாண்டித்தான் லேசாகத் தட்டியது. விலை குறைந்த ஆம்ப் இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று அதன் மேல் மரியாதைகூட வந்தது. கொஞ்சம் இறக்கி மூன்றில் நிறுத்தினேன். ஜால்ரா சத்தம் மட்டும் மந்தமாக இருந்ததால் டிரெபிளை முழுக்க ஏற்றினேன்.

இன்னொரு ஆள் சொன்னால்தான் மனைவி நம்புவாள் என்று, பக்கத்துப் பிரஸ்ஸில் நிற்கும் திருநெல்வேலிக்காரரை வீட்டுக்குக் கூப்பிட்டு வண்டியில் உட்கார வைத்தேன். அவரும் பத்து வருடப் பிரஸ்காரர். கண்ணை மூடிக் கேட்டார்.

"அண்ணே, அருமையா இருக்குல்லா! மதினி சொல்லுதத விடுங்க."

ஒரு பிரஸ்காரன் காதுக்கு இன்னொரு பிரஸ்காரன் சர்டிஃபிகேட் கொடுத்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு அது உறைக்கவில்லை.

மனைவி விடவில்லை. படப்பையில் கார் ஆடியோ கடைக்கு மூன்று பேருமாகப் போனோம். கடைக்காரர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பாட்டைப் போட்டார். இரண்டே வினாடியில் நிறுத்தினார்.

"சார், பிரஸ் ஷாப்பா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பிரஸ்லேர்ந்து வர்ற வண்டி எல்லாம் இப்டிதான் சார் வருது. கெயினு மூணு மணி, டிரெபிள் ஃபுல்லு. அதே கம்பெனில சத்தமில்லாத பெயின்ட் ஷாப்காரங்க வண்டி இப்டி வராது." ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். "கரகரன்னு ஆரம்பிக்கிறது மேல் சத்தத்துலதான் தெரியும். உங்களுக்கு அது லேட்டா கேக்குது, சார்."

கெயினைப் பத்தரைக்கு இறக்கினார். டிரெபிளை நடுவுக்குக் கொண்டுவந்தார். மறுபடி பாட்டு ஓடியது.

"ஆங், இப்பதாங்க நல்லா கீது" என்றாள் மனைவி. மகள் பாட்டோடு சேர்ந்து பாட ஆரம்பித்தாள். எனக்கு, பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு யாரோ பாட்டு வைத்த மாதிரி இருந்தது. கோபம் வந்தது. கடைக்காரர் மேல் கோபப்பட்டுக்கொள்வது சுலபமாக இருந்ததால் அவர் மேலேயே கோபப்பட்டேன். ஆனால் அவர் வைத்ததை நான் மாற்றவில்லை.

அடுத்த மாதம் தொழிற்சாலையில் வருடாந்திரக் காதுப் பரிசோதனை வந்தது. ஒரு சின்னக் கூண்டில் உட்கார்ந்து ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையில் இருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். கூண்டுக்குக் கண்ணாடி ஜன்னல் உண்டு. வெளியே மெஷின் முன்னால் இருக்கும் டெக்னீஷியன் பெண் ஒவ்வொரு சத்தம் விடும்போதும் அவள் முழங்கை லேசாக அசையும். அதைப் பார்த்து அழுத்துவது எங்கள் லைனில் எல்லோரும் அறிந்த வித்தை. புதிதாகச் சேருபவர்களுக்கும் சொல்லிக் கொடுப்போம். காது சரியில்லை என்று வந்தால் பேக்கிங்குக்குப் போட்டுவிடுவார்கள், பிரஸ்காரனுக்கு அதைவிடக் கேவலம் கிடையாது. ஒவ்வொரு வருடமும் எங்கள் எல்லோருக்கும் நார்மல்தான்.

இந்த முறை நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

முதலில் தடித்த சத்தங்கள் வந்தன. அழுத்தினேன். பிறகு கொஞ்சம் மெலிந்தவை. அழுத்தினேன். அப்புறம் சத்தம் நின்றுவிட்டது. அந்தப் பெண்ணுக்கு ஏதோ ஃபோன் வந்திருக்கும் என்று காத்திருந்தேன். ரொம்ப நேரம் ஆனதும் எழுந்து கதவைத் திறந்து, ஒரு பக்க ஹெட்ஃபோனை விலக்கிக்கொண்டு கேட்டேன்.

"இன்னாம்மா, நிறுத்திட்டியா?"

அவள் மெஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நிறுத்தலையே சார். இப்பகூட ஒண்ணு போய்க்கிட்டுதான் இருக்கு."

விலக்கியதை மறுபடி மாட்டி, இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.