தராசு எடுத்துக் கொடுத்தவர் அல்ல

மரக்காணம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது எங்கள் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. "அம்மா மவுத்தாயிட்டாங்க" என்று கோட்டக்குப்பத்திலிருந்து மகள் எழுதியிருந்தாள். எங்கள் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வுபெற்ற ஜரீனா அக்கா போய்விட்டார். அதற்குக் கீழேயே நகரத்து ஆய்வாளர் ஒருவரின் இரங்கல்: "என் நாணய ஆய்வுக்குத் தராசு எடுத்துக் கொடுத்தவர்." எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தத் தராசை நம்பாதே என்று சொன்னதே அவர்தானய்யா!

அக்காவை அறிந்த உங்களுக்கு அந்த ஏழு காசுகள் நினைவிருக்கும். உப்பளத்தில் வாய்க்கால் வெட்டியபோது கிடைத்து, சில நாள் எங்கள் பள்ளியில் இருந்தவை. ரோமப் பேரரசின் கிழக்கு மாகாண நகரம் ஒன்று தனக்கென்று அடித்துக்கொண்ட வெண்கலக் காசுகள். மதிப்பு அவற்றில் பொறிக்கப்படவில்லை. ஒற்றைக் காசா, இரட்டைக் காசா என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆய்வாளர் எடை மட்டும் பார்த்தார். மூன்று கனம், நான்கு லேசு. கனத்தவை இரட்டை, மற்றவை ஒற்றை என்று குறித்துக்கொண்டார்.

"சார், இது உப்புல கெடந்த காசு. எடைய நம்பாதீங்க" என்றார் அக்கா.

"நீங்க டீ சொல்லுங்கம்மா" என்றார் அந்த மனிதர். என்ன திமிர்!

மதிய இடைவேளைகளில் ஆய்வகக் கணினியில் படம் படமாகப் பார்த்தே இந்தக் காசுகளைக் கற்றவர் அக்கா. மறுநாள் வெர்னியர் அளவுகோலை எடுத்து, காசில் உள்ள அரசன் தலையைச் சுற்றியுள்ள புள்ளி வட்டத்தை அளந்தார். "ஓரத்த உப்பு தின்னுடும் சார். அச்சு விழுந்த வட்டம் சின்னதாவாது" என்றார் என்னிடம். ஏழிலும் ஒரே அகலம். அந்நகரத்தின் இரட்டைக் காசில் அரசனுக்குக் கதிர்முடி இருக்குமாம். இங்கே ஏழு தலையிலும் இலைமாலை. ஏழுமே ஒற்றைதான்.

பிறகு நான்கு ஏன் லேசு? வரலாற்று ஆசிரியனான என்னால்தான். பள்ளியில் காட்சிக்கு வைக்கப் பளபளக்கட்டுமே என்று, ஆய்வாளர் வருவதற்கு முன்பே புளி போட்டுத் தேய்த்தேன். மேல்படலம் கரைந்து எடை குறைந்துவிட்டது. நான்காவது முடிந்தபோது அக்கா பார்த்துவிட்டார். "இன்னா சார் இது, பிரியாணி அண்டாவா?" என்று பிடுங்கிக்கொண்டார்.

அளந்தது, கண்டது எல்லாவற்றையும் சொல்லி அக்கா ஆய்வாளருக்குக் கடிதம் எழுதினார். அதில் "காசுகளைத் தேய்த்தவள் ஜரீனாவாகிய நான்" என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். "நான் லேப் அசிஸ்டண்டு சார், என் பேச்சு எடுபடாது. நீங்களும் ஒரு கையெழுத்து போடுங்க" என்று கேட்டார். எனக்குப் பதவி உயர்வு வரவிருந்த நேரம். "அப்புறம் பாக்கலாங்க்கா" என்று நழுவினேன். தன் கையெழுத்தோடு மட்டும் அனுப்பிவிட்டு, நகலை என்னிடம் தந்தார். "மனசு வந்தா போடுங்க சார்."

பதில் வரவில்லை, ஆய்வாளரின் நூல்தான் வந்தது. ஏழும் ஒற்றைக் காசுகள். புள்ளி வட்டத்தை அளந்து கண்டவர் ஆய்வாளராம். அக்கா பெயரும் இருந்தது, அடிக்குறிப்பில்: காசுகளைத் தேய்த்துக் கெடுத்த உதவியாளர். வெட்கம் வேண்டாமா? ஆய்வாளருக்கும்தான், எனக்கும்தான். அக்கா படித்துவிட்டு, "காசு சரியாச்சுல்ல, உடுங்க" என்றார்.

அந்த நகல் என்னிடம் இருக்கிறது. எனக்காக விட்ட இடத்தில் இன்று கையெழுத்திட்டேன். தேய்த்தவள் என்ற வரியில் அவர் பெயரை அடித்து, என் பெயரை எழுதினேன். படமெடுத்து, அந்த இரங்கலுக்கு நேர் கீழே போட்டிருக்கிறேன்.