ஞானமுத்து ஐயாவின் பச்சைக் கதவு

மோட்டார் காருக்குப் பெயிண்ட் அடிப்பது பெரிய வேலையே இல்லை; அடித்த இடத்தை அடிக்காத இடத்தோடு சேர்த்து வைப்பதில்தான் ஆயுசு குறைகிறது. புடவைக்கு ஏற்ற ரவிக்கைத் துணி தேடி வீட்டுக்காரியோடு கடை கடையாக ஏறி இறங்கியவர்களுக்கு என் துயரம் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதிக்கு, அந்தப் புடவையை வருஷக்கணக்கில் வெயிலிலும் உப்புக் காற்றிலும் உடுத்திவிட்டு, "வாங்கினபோது இருந்த நிறம் அப்படியேதான் இருக்கு" என்று ஒருவர் சாதிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ராயபுரத்தில், நாயுடுவின் மோட்டார் பட்டறையில், அப்படிச் சாதிப்பவர்களோடு மல்லுக்கட்டுவதுதான் எனக்கு உத்தியோகம்.

ஆளுக்கொரு பச்சை

ஞானமுத்து ஐயா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் பேட்டையில் கருப்பட்டி மண்டி வைத்தவர். சீமைக்குத் திரும்பிய துறைமுகத்துத் துரை ஒருவரிடம் பழைய பச்சைக் கார் ஒன்றை வாங்கியிருந்தார். மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்த நேரம் பார்த்து, ஒரு மாட்டுவண்டியின் நுகத்தடி அதன் இடது பின் கதவில் புகுந்துவிட்டது. எங்கள் பட்டறையில் கதவுக்குப் புதுத் தகடு போட்டோம். இனி அந்த ஒரு கதவு மற்ற மூன்றோடு நிறத்தில் சேர வேண்டும். பெண் அந்தக் காரில்தான் கோயிலுக்குப் போகப் போகிறாள். ஒட்டுப்போட்ட வண்டியில் அனுப்பினார்கள் என்று சம்பந்தி வீட்டார் வாயில் விழக்கூடாது என்பது ஐயாவின் கவலை.

"என்ன பச்சை வேணும்?" என்று கேட்டதுதான் என் தப்பு. ஐயா வாழைக்குருத்துப் பச்சை என்றார். அவர் சம்சாரம் கிளிப்பச்சை என்றார். டிரைவர் பாஷா பாசிப்பச்சை என்று அடித்துச் சொன்னான். கார் எதிரேதான் நின்றது, ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. "இதோ நிக்குதே, இதைப் பார்த்து அடிச்சிடறேன்" என்றேன். அந்த அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்ப இருக்கதப் பாத்து அடிக்காதிய! கம்பெனியில என்ன நெறம் அடிச்சானோ, அந்த அசல் நெறம்தான் வேணும்."

கப்பலில் வந்த அசல்

அசல்தானே, வாங்கிவிட்டால் போயிற்று என்று நாயுடு மவுண்ட் ரோடு ஏஜெண்டிடம் சொல்லி வைத்தார். கார் செய்த கம்பெனியின் முத்திரையோடு டின் கப்பலில் வந்து இறங்கியது. அடித்தேன். கதவு பளபளவென்று இருந்தது. சந்தேகம் தீர, பின் சீட்டைத் தூக்கி, வெயிலே படாத அடிப்பக்கத்தைப் பார்த்தேன். அங்கேயும் அதே பச்சை, அச்சு அசலாக. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐயா வந்தார். சீட்டுக்கு அடியில் பாருங்கள் என்று கெஞ்சினேன். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் சீட்டுக்கு அடியிலா பார்ப்பார்கள் என்றார். அவர் கேட்டது நியாயம்தான், அதனால்தான் எரிச்சல் இன்னும் அதிகமாக வந்தது. வெளுத்துப்போன மூன்று கதவுகளையும் நாலாவதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்னய்யா இது? இந்தக் கதவு மட்டும் மாமியா வீட்டுலேருந்து வந்த கணக்கா இருக்கு!"

ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டி

சரி, அசலும் வேண்டாம் நகலும் வேண்டாம், உள்ளதை உள்ளபடி பார்த்து அடிப்போம் என்று காரை மறுபடி வரவழைத்தேன். பச்சையில் கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் வெள்ளை. கண் பூத்துப் போகிற மட்டும் கலந்தேன். கதவு மற்ற மூன்றோடு கூடப்பிறந்தது போல் சேர்ந்தது. நாயுடுவே முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஒரு வாரத்தில் கார் திரும்பி வந்தது. என் கதவு மட்டும் கரும்பச்சையாக நின்றது, மற்றவை பழையபடி சாம்பல் பூத்துக் கிடந்தன. நாயுடுவின் குரல் தணிந்துபோயிற்று. அவர் கத்தினால் பயமில்லை, தணிந்தால்தான் பயம். "கண்ணையா, துறைமுகத்துல மிதவைக்குச் சேப்பு அடிக்க ஆள் தேடறாங்க. அந்த வேலையில ஜோடி சேக்கற தொல்லையே இல்ல. இந்தக் கதவு இன்னொரு தபா திரும்பி வந்தா, நீ அங்க போய்க்கோ" என்றார். எனக்குப் படகில் கால் வைத்தாலே குமட்டும்.

பாஷாவைக் குடைந்து குடைந்து கேட்டபிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பட்டறைக்குக் கொண்டுவரும் அன்று காலையில், வண்டி முழுக்கத் தேங்காய் எண்ணெய் தேய்த்து மினுக்கியிருக்கிறான். நான் ஜோடி சேர்த்தது, ஒரு வாரத்தில் வற்றிப்போன அந்த எண்ணெயோடு! ஏண்டா இப்படிச் செய்தாய் என்றால், அவனுக்கு என்மேல் கோபம். "இன்னா நைனா பேசற நீ? ஆஸ்பத்திரிக்குப் புள்ளைய இட்டாரச்சொல்ல தலைக்கு எண்ணெ வெச்சி சீவி இட்டாரமாட்டாங்களா? நம்ம வண்டியப் பாத்து நாலு பேரு கலீஜுன்னு சொன்னா யாருக்குக் கேவலம்?"

கூடைக்காரி யோசனை

இந்தத் தடவை பாஷாவை வாசலிலேயே நிறுத்திவிட்டு, நானே சவுக்காரம் போட்டு வண்டியைத் தேய்த்துக் கழுவினேன். தகரத் துண்டுகளில் கலவையைத் தடவிக் காயவைத்து, பழைய கதவோரம் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்ததும் ஒரு நிறம். காலை வெயிலில் சேர்ந்தது சாயங்காலம் சேரவில்லை. தெருவில் போகிறவர்கள் எல்லாரும் நின்று யோசனை சொன்னார்கள். தபால்காரர் நீலம் சேர்க்கச் சொன்னார், எதிர்க்கடை டீ மாஸ்டர் மஞ்சளைக் குறைக்கச் சொன்னார். ஆளாளுக்கு நாட்டாமை.

காசிமேட்டு மீன்கூடைக்காரி அஞ்சலை கூடையை இறக்கிவைத்து, நான் படும் பாட்டைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள். புதுக் கதவுக்குப் பழைய நிறம் ஏற்றுகிறேன் என்றதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இதுக்கா இம்மாம் பேஜாரு? எங்க குப்பத்தாண்ட கடலப் பாக்க நிறுத்தி வெய்யி. ரெண்டு மழ போனா கதவு, வண்டி, அத்த ஓட்றவன் மூஞ்சி எல்லாம் ஒரே நெறமாப் பூடும்."

கட்டைவிரல்

ரெண்டு மழை போகிற வரைக்கும் கல்யாணம் காத்திருக்காது. கடைசியில் ஒரு தகரத் துண்டு, எந்த வெளிச்சத்தில் பிடித்தாலும் கதவோடு கரைந்து காணாமல் போயிற்று. அந்தக் கலவையையே அடித்தேன். கடற்காற்றின் ஈரத்தில் பெயிண்ட் சீக்கிரம் காயவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் ஐயா வந்து காரைச் சுற்றினார். மறுபடி சுற்றினார். முகம் கறுத்தது. எது புதுக் கதவு என்று அவருக்கே தெரியவில்லை. "மத்த மூணையும் சேத்து அடிச்சு மெழுகிட்டியளோ? நாலு கதவுக்கும் கூலி கேப்பியளோ?" என்று கேட்டார். இல்லை என்று நான் சத்தியம் செய்தேன், நாயுடு சத்தியம் செய்தார். அவர் யாரையும் நம்பவில்லை. ஒவ்வொரு கதவிலும் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே வந்தார். மூன்று கதவும் கல்லாக இருந்தன. "ஐயா, வேணாம்!" என்று நாங்கள் கத்துவதற்குள், நாலாவதில் விரல் பதிந்துவிட்டது. பதறிப்போய்த் துண்டால் வேறு துடைத்தார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இனி அடித்தால் காலைக்குள் காயாது. ஆனால் கெடுத்தது அவர் விரல், அதனால் நாயுடு மிதவைப் பேச்சை எடுக்கவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

மறுநாள் கோயில் வாசலில், அந்தத் தழும்பின்மேல் தொங்கவிட ஒரு பூச்சரத்தோடு ஓடினேன். எனக்கு முன்னால் ஐயா சம்பந்தியைக் கைப்பிடித்து அந்தக் கதவுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். யாருக்குத் தெரியக்கூடாது என்று என் பிராணனை எடுத்தாரோ, அவரிடமே அந்த விரல் தடத்தைத் தொட்டுக் காட்டினார்: "சம்பந்தி, இந்தக் கதவுதான் புதுசு. நான் கைய வச்சுக் காட்டலன்னா உங்களால கண்டுபிடிக்க முடியுமா, சொல்லுங்க!"

எங்கள் தொழிலில் குறை தானாகவே கண்ணில் படும், நிறையைக் காட்டவோ யாராவது வந்து விரலால் கெடுத்தாக வேண்டும்.