தொட்டில் வீட்டு மத்தியானம்

எங்கள் சந்தில் அதற்குத் தொட்டில் வீடு என்று பெயர். மதுரையில் பஞ்சாலைக்குப் பின்புறம், ரயில் பாதையை ஒட்டி நெருக்கியடித்துக்கொண்டு நின்ற குடிசைகளுக்கு நடுவே ஓடு போட்ட வீடு அது ஒன்றுதான். உள்ளே உத்தரத்தில் வரிசையாகத் தூளிகள் தொங்கும். மில்லுக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்காக ஊரின் பெரிய வீட்டுப் பெண்கள் சிலர் சேர்ந்து அதை நடத்தினார்கள். எப்போதாவது குதிரை வண்டியில் வந்து இறங்கி, நாங்கள் பாடுவதைக் கேட்டு, ஒரு விரலால் எங்கள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போவார்கள். மற்ற நாளெல்லாம் எங்களைப் பார்த்துக்கொண்டது ஆயாம்மாதான். காலையில் குளிப்பாட்டி, பேன் பார்த்து, அந்த வீட்டுக் கவுனை மாட்டிவிட்டுக் கேப்பைக்கூழ் ஊற்றுவாள். சாயங்காலம் கவுனைக் கழற்றி வாங்கிக்கொண்டு, எங்கள் பழைய துணியில் அனுப்பிவைப்பாள்.

அப்பா கொழும்புக்குப் போனவர். அம்மாவுக்கு மில்லில் நூல் சுற்றும் வேலை. எனக்கு ஆறு வயதிருக்கும், தம்பி கைக்குழந்தை. மத்தியானம் மில் சங்கு ஊதியதும் தாய்மார்கள் தலையில் பஞ்சு ஒட்டியபடி ஓடி வருவார்கள். அம்மா தம்பியைத் தூளியிலிருந்து எடுத்து மடியில் போட்டுப் பால் கொடுப்பாள். நான் அவள் தோளில் சாய்ந்து, தலையில் ஒட்டிய பஞ்சைப் பிய்த்து எடுப்பேன். மறு சங்கு ஊதுவதற்குள் போய்விடுவாள். அந்தியில் வீடு திரும்பும்போது அவளுக்குப் பேசக்கூடத் தெம்பிருக்காது. ஆகவே எனக்கு அம்மா என்பது அந்த மத்தியானம்தான். அதிலும் பெரும்பங்கு தம்பிக்கு.

அந்த வருஷம் மழைக்குப் பிறகு பரவிய வாந்திபேதியில் தம்பி போய்விட்டான். அழுது முடிப்பதற்குள் அம்மா மில்லுக்குப் போகவேண்டியிருந்தது. முதல் நாள் சங்கு ஊதியபோது அவள் வரமாட்டாள் என்றே நினைத்தேன், தம்பிதான் இல்லையே. ஆனால் வந்தாள். எனக்காகத்தான் வந்திருக்கிறாள் என்று குதித்தேன்.

அவள் உட்காருவதற்குள் ஆயாம்மா ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிற சாயபு ஒருவர் கொண்டுவந்து விட்ட பிள்ளை. தாய் பிரசவத்தில் இறந்துவிட்டாள். மாட்டுப்பால் அதற்கு ஒத்துக்கொள்ளாமல் வற்றிப்போய்க் கிடந்தது.

"கேக்கவே மனசு வரல தாயி. ஆனா ஒனக்கும் பால் கட்டிக்கிட்டு வலிக்குமே," என்றாள் ஆயாம்மா.

அம்மா அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கையை நீட்டி வாங்கிக்கொண்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரி, "சாயபு புள்ளைக்கா பால் குடுக்கிற?" என்று கேட்டபோது, அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "என்னையும் மடியில வச்சுக்கம்மா," என்பேன்.

"நீ பெரிய புள்ள. இவன் குடிச்சு முடிக்கட்டும், இரு," என்பாள்.

அவனோ அவசரமில்லாமல் குடிப்பான். அவன் முடிப்பதற்கும் சங்கு ஊதுவதற்கும் சரியாக இருக்கும்.

நாளாக ஆக அவன் கன்னம் உப்பியது. அம்மாவைக் கண்டால் காலை உதைத்துச் சிரித்தான். அம்மாவும் சிரித்தாள். தம்பி போன பிறகு அவள் சிரித்தது அந்த ஒரு இடத்தில்தான். அந்தச் சிரிப்பை வீட்டில் நான் தேடுவேன், இருக்காது.

ஒரு நாள் காலையில் சாயபு வந்தார். மேலூரில் அவர் தங்கைக்குப் பிள்ளை பிறந்திருந்ததாம். இவனையும் சேர்த்து வளர்த்துக்கொள்கிறாளாம்.

"சங்கு ஊதி, பால் குடுக்கிறவ வார வரைக்கும் இருங்கண்ணே. ஒருவாட்டி பாத்துக்கட்டும்," என்றாள் ஆயாம்மா.

"வண்டி போயிரும்மா," என்றவர் கொஞ்சம் தயங்கினார். "பால் குடுத்த அந்தத் தங்கச்சி மொகத்தப் பாத்துக் கேக்க எனக்குத் தைரியமும் இல்ல. அல்லா அவகளுக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டான்னு சொல்லுங்க."

பிள்ளையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

அன்று பொழுது நகரவே இல்லை. சங்கு ஊதியதும் வாசலுக்கு ஓடினேன். அம்மா என்னைத் தாண்டி நேரே தூளிக்குப் போனாள். அது தொளதொளவென்று தொங்கியது.

"அவன அவங்கப்பா தூக்கிட்டுப் போயிட்டாரு," என்றேன். நான்தான் முதலில் சொல்லவேண்டும் என்று காத்திருந்தேன்.

ஆயாம்மா சாயபு சொன்னதைச் சொன்னாள். "நல்லா இருக்கட்டும்," என்றாள் அம்மா. வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தாள். பக்கத்துத் தூளியில் யாருடைய பிள்ளையோ பசியில் வீறிட்டது. அதன் தாய் ஓடிவந்து எடுத்துக்கொண்டாள்.

நான் கேட்கக்கூட இல்லை. அம்மாவே என்னை இழுத்து மடியில் வைத்து, பின்னாலிருந்து நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அசைந்தால் இறக்கிவிடுவாளோ என்று நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் என் கவுன் முதுகுப்பக்கம் நனைவது தெரிந்தது. அழுகிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். அவள் கண் காய்ந்துதான் இருந்தது. ஓடு ஒழுகியிருக்கவும் வழியில்லை, வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. மடி எனக்குக் கிடைத்துவிட்டது, அது போதும் என்று சாய்ந்துகொண்டேன்.