மேளம் அடிச்சது ஆர்?

ஒரு பாட்டைக் கேட்டால் அது எந்தப் படத்தில் வந்தது என்று தெரியாமல் என்னால் இருக்க முடியாது. தலை வெடித்துவிடும். படம் எது, இசை யார், பாடியவர் யார், வாயசைத்தவர் யார், எல்லாம் தெரிந்தால்தான் அந்தப் பாட்டு எனக்குச் சொந்தம். பாரிசின் லா சப்பலில் நாங்கள் படக்கொப்பிக் கடை வைத்திருந்தபோது இந்த வியாதி தொழிலுக்கு உதவியது. வருகிறவர் பாட்டில் இரண்டு சொல்லை முணுமுணுத்தால் போதும், படத்தின் டிவிடியை எடுத்து மேசையில் வைத்துவிடுவேன். கணவர் பின்னறையில் கணினிக்கு முன்னால் இருந்து, ஆட்களுடைய கலியாண வீட்டுக் கசெட்டுகளை டிவிடிக்கு மாற்றிக்கொண்டிருப்பார். முன்னால் இருந்து வாய் பார்ப்பது என் வேலை.

2010 அளவில் சனம் படங்களை இணையத்தில் பார்க்கத் தொடங்க, டிவிடி வியாபாரம் படுத்துவிட்டது. வெளிநாட்டுக்குக் கதைக்கிற ரெலிபோன் காட்தான் கடையை இழுத்தது. அந்தக் காட் வாங்கத்தான் மேல்மாடிக் கிழவர் வருவார். கியூபாக்காரர். ஹவானாவில் இருக்கும் தங்கைக்கு எடுப்பார். லைன் கிடைக்காது, கிடைத்தாலும் பாதியில் அறுந்துபோகும். உடனே கீழே இறங்கி வந்து, கேபிளை நானே கடித்துத் துப்பியவள் மாதிரி என்னைப் பார்த்துக் கையை விரிப்பார். அவர் பேசியது பிரெஞ்சு, நான் பேசியது பாதிப் பிரெஞ்சு. ஆனால் என் நினைவில் எல்லாம் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் கிடக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

ஒருநாள் பின்னேரம் கடையில் பழைய கறுப்பு வெள்ளைப் படப் பாட்டு ஒன்று போய்க்கொண்டிருந்தது. கிளப்பில் ஒரு பெண் ஆடுகிற பாட்டு. காட்டை வாங்கிய கிழவர் போகாமல் நின்றுவிட்டார். பிறகு இரண்டு விரலால் என் கண்ணாடிப் பெட்டியில் தட்டத் தொடங்கினார். சும்மா தட்டு இல்லை. பாட்டு போகிற வழிக்குக் குறுக்கே போய், விழப்போகிறது என்று நான் நினைக்கும்போது சரியான இடத்தில் வந்து நின்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“மதாம், இது எங்கடை தாளமெல்லே!” என்றார். “ஆர் அடிக்கிறது?”

எனக்குப் பிடித்தமான கேள்வி. படத்தின் பெயர், இசையமைப்பாளர், பாடியவர், ஆடியவர் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

“அது சரி. மேளம் அடிச்சது ஆர்?”

“அது... ஆரோ ஒருத்தர்.”

“அந்த ஆரோ ஒருத்தர்தான் நானும்” என்று சிரித்தார்.

அன்றைக்குத்தான் அவருடைய கதையைக் கேட்டேன். இளந்தாரியாக இருந்தபோது ஹவானாவிலிருந்து மெக்சிக்கோவுக்குப் போயிருக்கிறார். மம்போ ஆட்டத்துக்கு ஊரெல்லாம் பைத்தியம் பிடித்திருந்த காலம். ஒரு பெரிய ஆட்டக் குழுவில் இவருக்கு டிம்பாலே. தகர உடம்புள்ள இரண்டு சின்ன மேளங்கள், நடுவில் ஒரு மாட்டுமணி, நின்றபடி குச்சியால் அடிக்க வேண்டும். ஒரு காலையில் இசைத்தட்டு பதிவுசெய்யக் கூட்டிப்போனார்களாம். எல்லாருக்கும் ஒரே மைக். மேளத்தின் சத்தம் அமுக்கிவிடும் என்று இவரைச் சுவரோரம் தள்ளி நிறுத்தினார்களாம். ஒருத்தர் பிழை விட்டால் எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பதிவு முடிந்ததும் குழுத் தலைவர் தலையாட்டினாராம். அதற்குப் பிறகு இவர் வேறொரு குழுவோடு கப்பல் ஏறி ஐரோப்பாவுக்கு வந்து, பாரிசிலேயே தங்கிவிட்டார்.

“ரெக்கோட் வந்ததோ?”

“வந்ததாம். பின்பக்கத்துப் பாட்டு. முன்பக்கம்தான் ஓடினது. இஞ்சை பழைய ரெக்கோட் விக்கிற ஒருத்தரையும் விடேல்லை, கேட்டுப் பாத்திட்டன். அம்பிடேல்லை. அட்டையிலை தலைவற்றை முகமும் பேரும்தான். அடிச்ச ஆக்களின்ரை பேரைப் போட இடம் காணாதாம்.”

உண்மையைச் சொன்னால், நான் நம்பவில்லை. லா சப்பலில் தேத்தண்ணி குடிக்கிற ஒவ்வொருத்தனும் ஊரில் கார் வைத்திருந்தவன்தான். லூயி-பிளாங் தெருவில் கோப்பை கழுவுகிறவர் ஊரில் பெரிய முதலாளி. அவருக்குக் கோழி வெட்டிக் கொடுக்கிறவர் உதைபந்தாட்டத்தில் புலி. இல்லை என்று எப்படிச் சொல்வது? ஓம் என்றும் எப்படிச் சொல்வது? கேட்டால், ஆதாரமெல்லாம் வீட்டோடு எரிந்துபோனது என்பார்கள். சில பேருக்கு உண்மையிலேயே எரிந்துதான் போனது. அதனால் நான் எல்லாருக்கும் தலையாட்டுவது. கிழவருக்கும் ஆட்டினேன்.

கிழவரின் மனைவி பிரெஞ்சுக்காரி, ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். மஞ்சள் தூளுக்கும் இஞ்சிக்கும் பக்கத்துக் கடைக்கு வந்தால் எங்களையும் எட்டிப் பார்ப்பார். புருசனை அங்கே கண்டுவிட்டால் போதும், பகிடி தொடங்கிவிடும்.

“திரும்பவும் மெக்சிக்கோவோ? போன முறை நாலு ட்ரம்பெட் எண்டார். இந்த முறை எத்தினை, மதாம்?”

கிழவரும் சேர்ந்து சிரிப்பார். எனக்கும் அது நல்ல பொழுதுபோக்காக இருந்தது. ஒருநாள் அந்த அம்மா தனியாக வந்தார். காட் வாங்கவில்லை, ஒன்றும் வாங்கவில்லை. மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“நீங்கள் உவரின்ரை கதையை நம்புறியளோ?” என்று கேட்டார்.

நான் காட் அடுக்கை எடுத்து ஒழுங்குபடுத்தத் தொடங்கினேன்.

“எனக்கும் தெரியேல்லை. நாப்பத்தஞ்சு வருசமாய் அவர் சொல்லக் கேக்கிறன். அவர் என்னட்டை வரேக்கை கையிலை ஒரு பெட்டிதான். ஒரு போட்டோ இல்லை, ஒரு கடுதாசி இல்லை. எனக்கு முந்தின அவரின்ரை சீவியம் முழுக்க அவரின்ரை வாயிலைதான் இருக்கு. உந்த ரெக்கோட் கதை புழுகெண்டால், மற்றதெல்லாம் என்ன? நான் ஆரோடை சீவிச்சனான்?”

பகிடி விடுகிற மனுசியின் கண் கலங்கியதை அன்றுதான் கண்டேன். நாங்களும் இந்த நாட்டுக்கு வாயை மட்டும் கொண்டு வந்தவர்கள்தானே. அகதி வழக்கில், “இதற்கு ஆதாரம் எங்கே?” என்று கேட்ட அதிகாரியின் முகம் இப்போதும் எனக்குக் கனவில் வரும்.

அன்று பிடித்தது எனக்கு விசர். எப்படியாவது அந்தப் பாட்டைக் கண்டுபிடித்தே தீருவது என்று இறங்கினேன். கிழவரிடம் பாட்டின் பெயரையும் குழுத் தலைவரின் பெயரையும் கேட்டு எழுதி வாங்கினேன். பிறகு கேட்டேன்:

“ஹீரோ ஆர்?”

“என்ன ஹீரோ?”

“படத்திலை.”

“எந்தப் படத்திலை?”

“பாட்டு வந்த படத்திலை!”

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். படம் ஒன்றும் இல்லை மதாம், சனம் மண்டபத்தில் சோடி சோடியாக ஆடுவதற்கென்று போட்ட பாட்டு என்று விளங்கப்படுத்தினார். படம் இல்லாமல் பாட்டா? கதை இல்லை, காதல் இல்லை, மழை இல்லை, ஆடுவதற்கு மட்டும் ஒரு பாட்டா? சரி சரி என்று தலையாட்டிவிட்டு, கணினியில் பாட்டின் பெயரோடு ‘படம்’ என்பதற்கான ஸ்பானியச் சொல்லையும் சேர்த்தே தேடினேன். வயதான மனுசன், மறந்திருப்பார் என்பது என் எண்ணம். கணவருக்கு நல்ல சிரிப்பு.

“நீர் கியூபாவிலையும் கதாநாயகனைத் தேடுறீரோ?”

“நீங்கள் உங்கடை கலியாண வீட்டைப் பாருங்கோ” என்றேன்.

தேடத் தேட, தேடுவதே ருசியாகிவிட்டது. ஒபர்வில்லியே மொத்தக் கடைகளுக்குச் சாமான் எடுக்கப் போகும்போதும் காதில் மம்போதான். அந்த இசையில் பியானோவையே மேளமாக அடிக்கிறார்கள்! பாடுகிறவர் ஒரு வரியை எறிய, பின்னால் நிற்பவர்கள் எங்கள் வில்லிசைக்காரர் ஆமாம் போடுவது போல ஒரே குரலில் பதில் சொல்கிறார்கள். அடி பெரும்பாலும் நான் கால் தட்டுகிற இடத்தில் விழாது. அதற்கு ஒரு கணம் முந்தியே விழுந்துவிடும். எவ்வளவு முயன்றும் என் கால் பிந்தித்தான் போய்ச் சேரும். இசைத்தட்டு அட்டைகளையும் பார்த்தேன். கை முழுக்கக் கொசுவம் வைத்த சட்டை போட்ட ஆண்கள் வரிசையாக நிற்பார்கள், நடுவில் நிற்கிறவருக்கு மட்டும் பெயர் இருக்கும். மற்றவர்கள் ஆர் பெற்ற பிள்ளைகளோ! முன்பு இதெல்லாம் என் கண்ணில் பட்டதே இல்லை. இப்போது எரிச்சல் எரிச்சலாக வந்தது.

கடைசியில் கிடைத்தது. படமாகத்தான் கிடைத்தது! மெக்சிக்கோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், இரவு விடுதியில் ஒரு ஆட்டக் காட்சி, அதே பெயருள்ள பாட்டு. நான் கணவரைப் பார்த்த பார்வைக்கு அவர் அப்படியே எரிந்துபோயிருக்க வேண்டும். காட்சியை இணையத்தில் ஏற்றிய ஆள் கீழே ஏதோ எழுதியிருந்தான். அவர் அதை மொழிமாற்றிப் பார்த்து வாசித்துக் காட்டினார். படத்துக்கென்று தனியாக வாசிக்கவில்லை, வெளிவந்த இசைத்தட்டையே ஒலிக்கவிட்டு ஆடியிருக்கிறார்கள் என்று இருந்தது. பக்கத்தில் அந்த இசைத்தட்டின் படமும் இருந்தது. கிழவர் சொன்ன தலைவர், கிழவர் சொன்ன பெயர்.

நான் பாட்டை முழுதாகக் கேட்கக்கூடப் பொறுக்கவில்லை. மேலே ஓடிப்போய் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தேன். பின்னறையில் இருந்த கதிரைகளைக் கொடுத்து இருத்தினோம். கணவர் காட்சியைப் போட்டார். கொசுவப் பாவாடை போட்ட பெண் ஒருத்தி இடுப்பைச் சுழற்றிக்கொண்டு வந்தாள். பின்னால் வாத்தியக்காரர். டிம்பாலேக்குப் பின்னால், மெல்லிய மீசை வைத்த ஒரு ஒல்லிப்பிச்சான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான்.

“அது நானில்லை” என்றார் கிழவர். அவருடைய முகம் விழுந்துவிட்டது. அந்த அம்மா நிலத்தைப் பார்த்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. “அட முசியு! படத்திலை அடிக்கிறவன் ஒருநாளும் அடிச்சவன் இல்லை. எங்கடை படங்களைப் பாருங்கோ, வீணை வாசிக்கிற கதாநாயகிக்கு வீணையை எந்தப் பக்கம் பிடிக்கிறதெண்டே தெரியாது. உவன் நடிக்க வந்து நிண்டு குச்சி ஆட்டுறான். சத்தம் ரெக்கோட்டின்ரை சத்தம். அவனைப் பாக்காதேங்கோ, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கோ.”

கிழவர் நிமிர்ந்தார். கண்ணை மூடினார். கணவர் கலியாண மண்டபத்துக்குக் கொண்டுபோகிற பெரிய ஸ்பீக்கரைப் பூட்டி, முதலிலிருந்து போட்டார். கிழவரின் விரல்கள் முழங்காலில் தட்டத் தொடங்கின. சரியாகத்தான் தட்டின. அந்த அம்மா திரையைப் பார்க்கவில்லை, அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மனசுக்குள் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தேன். ட்ரம்பெட்டுகள் உச்சத்துக்கு ஏறி, சட்டென்று நின்றன. மேளம் மட்டும் தனியே கடகடவென்று உருண்டு போனது.

விரல்கள் நின்றுவிட்டன.

ஓம் என்று அவர் ஒரு சொல் சொன்னால் போதும். எங்களில் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

“இது நானில்லை” என்றார், கண்ணைத் திறக்காமலே.

“வடிவாய்க் கேளுங்கோ முசியு...”

“வடிவாய்த்தான் கேட்டனான். ட்ரம்பெட் நிக்கிற இடத்திலை நான் பயந்துபோய் ஒரேயொரு அடிதான் போட்டனான். இவன் பயப்பிடேல்லை. நான் கப்பல் ஏறின பிறகு என்ரையை எறிஞ்சிட்டு, வேறை ஆளை வைச்சுத் திரும்பப் பதிஞ்சிருக்கினம்.” திரும்பவும் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, “நல்லாய் அடிக்கிறான். என்னிலும் நல்லாய் அடிக்கிறான். பாவம், இவன்ரை பேரையும் போடேல்லை” என்றார்.

என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. என்ன கோதாரிக்கு இதைத் தேடினேன்? தன் பாட்டில் ஒரு கதையோடு சந்தோசமாக இருந்த மனுசனைக் கூட்டிவந்து இருத்தி, அந்தக் கதையையும் பறித்துவிட்டேனே! கணவர் பாட்டை நிறுத்தினார். அந்த அம்மா எழும்பினார். போகப் போகிறார் என்றுதான் நினைத்தேன். வாசல் பக்கம் போகாமல், கிழவருக்குப் பின்னால் போய் நின்று அவருடைய தோளில் கையை வைத்தார்.

“புழுகுகிற மனுசனெண்டால் இப்ப ஓம் எண்டு சொல்லியிருப்பார்” என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். குரல் உடைந்துபோயிருந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

பிறகு அந்த அம்மா தன் கதிரையை இழுத்துக் கிழவருக்கு முன்னால் போட்டு, முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்தார்.

“மெக்சிக்கோவிலை எங்கை இருந்தனியள்? ஆரோடை இருந்தனியள்? என்ன சாப்பிட்டனியள்? முதலிலை இருந்து சொல்லுங்கோ.”

கிழவர் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார்.

“நீர் ஒருநாளும் கேக்கேல்லையே” என்றார்.