தீர்த்தகிரியின் விதைச் சாமை

தீர்த்தகிரிக்கு ஒரு மாடு இருந்தது. ஏர் ஓட்ட இரண்டு மாடு வேண்டும். பதினெட்டு வருஷமாக இது அவருக்கு ஒரு குறையாகவே தோன்றியதில்லை. இன்னொரு மாடு துரைக்கண்ணுவிடம் இருந்தது.

புதூர்நாட்டு மலையில் ஒற்றை மாட்டுக்காரர்கள் இரண்டு பேராகக் கூட்டுச் சேர்ந்துதான் உழுவார்கள். மழை விழுந்ததும் ஒரு நாள் இவர் நிலம், மறுநாள் அவர் நிலம். எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது. ஊரில் பெண்டாட்டியை விட்டவர்கள் மூன்று பேர் உண்டு. ஏர்க்கூட்டை விட்டவர் அதுவரை ஒருவரும் இல்லை.

தீர்த்தகிரி யார் கூப்பிட்டாலும் போவார். யாரையும் கூப்பிடமாட்டார். ஒருமுறை புளி உலுக்கும்போது கிளை முறிந்து விழுந்து விலா எலும்பு விரிசல் விட்டுப்போயிற்று. தவழாத குறையாக வீடு வந்து சேர்ந்தவர், மனைவி பச்சையம்மாவிடம் சளி பிடித்திருப்பதாகச் சொன்னார். பதினைந்து நாள் அந்தச் சளி இருந்தது. எதற்கும் 'நான் பார்த்துக்கறேன்' என்பதுதான் அவர் பேச்சு. ஊர் அவரைத் தைரியசாலி என்றது. வாயைத் திறக்காதவனை அப்படி அழைத்துவிட்டால் ஊருக்கும் வேலை மிச்சம்.

எழுபத்தெட்டாம் வருஷம் மாசி மாதம் இருவர் நிலத்துக்கும் நடுவிலிருந்த புதரில் இரண்டு சந்தனக்கட்டைகள் அகப்பட்டன. வெட்டியவர் துரைக்கண்ணு. அவர் மகனுக்கு வீரன் வீட்டில் பெண் பேசிக்கொண்டிருந்த சமயம். வனக்காவலர்கள் மேலே ஏறி வருவதற்குள் துரைக்கண்ணு புளியமரத்தடியில் தீர்த்தகிரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புள்ளைக்குப் பொண்ணு பேசிக்கினு இருக்கறோம்டா. இப்ப நான் உள்ள போனா எல்லாம் பூடும்."

மேலே அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. நான் பார்த்துக்கறேன் என்றார் தீர்த்தகிரி. பச்சையம்மாவிடம்கூடச் சொல்வதில்லை என்று மரத்தைத் தொட்டுச் சத்தியமும் செய்தார். வெட்டியது தான்தான் என்று ஒப்புக்கொண்டு மூன்று மாதம் சிறையில் இருந்தார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

வைகாசியில், பலாப்பழம் ஏற்ற வந்த ஜீப்பில் ஊர் திரும்பினார். ஆனியில் முதல் மழை விழுந்தது. விடிந்ததும் மாட்டைப் பிடித்துக்கொண்டு துரைக்கண்ணு வீட்டுக்குப் போனார். கொட்டில் காலியாக இருந்தது. துரைக்கண்ணுவின் மாடு வீரன் நிலத்தில், வீரனுடைய மாட்டோடு பூட்டப்பட்டு உழுதுகொண்டிருந்தது. மேழியைப் பிடித்திருந்த துரைக்கண்ணு நிமிர்ந்து பார்க்காமல், உழவுச் சாலைப் பார்த்தே பேசினார்.

"சம்பந்தி வூட்ல ஒருமாதிரி பேசறாங்க. ஜெயிலுக்குப் போனவங்கூட இன்னா கூட்டுன்றாங்க. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு?"

யாருக்காகப் போனது என்று மாடுகள் மூன்றுக்கும் தெரியாது. மற்ற இருவருக்கும் தெரியும். தீர்த்தகிரி 'சரி' என்று சொல்லிவிட்டுத் தன் மாட்டைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சத்தியம் செய்திருக்கிறாரே. சத்தியத்தை வாங்கியவன் அதை மதிக்காவிட்டாலும் கொடுத்தவன் மதிக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. வேறு சந்தேகங்கள் வந்தன. மகள் மாதம்மாளுக்கு வயது பதினாறு. ஜெயில்காரன் மகளை எவன் கட்டுவான்? பச்சையம்மாவின் அண்ணன் வீட்டார் பண்டிகைக்கு வரவில்லை, அதுவும் தன்னால்தான். தூக்கம் போயிற்று. களி வாயில் மண்ணாக இருந்தது. செக்கு மாடு போல நினைப்பு ஒரே வட்டத்தில் சுற்றியது. கடைசியில் ஒரு முடிவில் வந்து நின்றது: நான் இல்லாவிட்டால் இந்த வீட்டில் ஜெயிலும் இருக்காது. தப்பான கணக்குதான். ஆனால் சரிபார்க்க இன்னொரு ஆள் இல்லாதபோது எல்லாக் கணக்கும் சரியாகத்தான் வரும். பச்சையம்மா கேட்டபோதெல்லாம் ஒன்றுமில்லை என்றார். குளிருக்கும் குடைச்சலுக்கும் மலையில் பெயரும் உண்டு, பச்சிலையும் உண்டு. இதற்குப் பெயரே இல்லை. பூசாரி ஒரு கயிறு கட்டிவிட்டார்.

பிறகு ஒருநாள் காலையில் மனசு லேசாகிவிட்டது. முடிவு செய்துவிட்டவருக்கு வரும் லேசு அது. சிரித்துப் பேசினார். இருப்பதை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். நல்ல கொடுவாளைச் சடையனுக்குக் கொடுத்தார். தேன் எடுக்கும் கயிற்றை வேடியப்பனிடம் கொடுத்தார். வாசல் பலாவின் காய்ப்பை இனிமேல் பக்கத்து வீடு எடுத்துக்கொள்ளட்டும் என்றார். ஊருக்கு ஒரே சந்தோஷம். ஜெயில் மனுஷனைத் திருத்திவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். சாப்பிடுகிறாரே, பேசுகிறாரே என்று பச்சையம்மாவும் மகிழ்ந்தாள். அந்த மலையில் காவலூர் வானாய்வுக்கூடத்தில் உட்கார்ந்து எங்கோ இருக்கும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரரைப் பார்க்க அப்படிக் கருவி எதுவும் வரவில்லை.

எதிர்வீட்டில் இருந்தவள் ரஞ்சிதம். புருஷன் செத்து ஆறு வருஷம். ஒரு மலட்டுப் பசுவும், ஊரே ஒதுங்கிப்போகும் வாயும் அவளுடைய சொத்து. பச்சையம்மாவும் மாதம்மாளும் சுனைக்குப் போயிருந்த ஒரு காலையில், தீர்த்தகிரி அவளைக் கூப்பிட்டு, சாணி மெழுகி வாய் பூசிய மூங்கில் கூடை ஒன்றைக் கொடுத்தார். உள்ளே விதைச் சாமை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, நல்லா இருணா என்று சொல்லிவிட்டு நடந்தாள். பாதி வாசலில் நின்றாள்.

மலையில் தாலியை விற்றவர்கள் உண்டு. விதைப்புக்கு முன்னால் விதையைக் கொடுத்தவர்கள் கிடையாது. பஞ்சத்தில் கிழங்கு தோண்டித் தின்ற வருஷத்திலும், தலைக்கு மேலே உத்தரத்தில் விதைக்கூடை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ரஞ்சிதம் திரும்பி வந்து கூடையைக் கீழே வைத்தாள்.

"இத்தை நீ வெதைக்கப் போறதில்லியாணா?"

"சோடி மாடு இல்லியேம்மா."

"மாடு இல்லாதவன் வர்ற வருசத்துக்கு எடுத்து வைப்பான். வர்ற வருசம் நீ எங்க இருக்கப்போற?"

தீர்த்தகிரி கூடையை மறுபடி அவள் பக்கம் தள்ளினார்.

"செத்துப்போலாம்னு இருக்கியா?"

வீட்டில் உப்பு இருக்கிறதா என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள். எல்லாக் கேள்விக்கும் அவரிடம் பதில் தயாராக இருந்தது. இதை யாரும் கேட்பார்கள் என்று அவர் நினைக்கவில்லை. அதனால் உண்மை வந்துவிட்டது.

"ஆமாம்மா."

பிறகு மற்றதும் வந்தது: சந்தனக்கட்டை, புளியமரம், சத்தியம், துரைக்கண்ணு நிமிர்ந்து பார்க்காதது. சொல்லி முடித்தபோது, சாக நினைத்ததைவிடச் சத்தியம் தவறியதற்குத்தான் அதிகம் கூசினார்.

"அவன் சம்பந்தி பேச்சக் கேட்டு மாட்டை மாத்திக்கினான்," என்றாள் ரஞ்சிதம். "நீ அவனுக்குக் குடுத்த சத்தியத்தக் கட்டிக்கினு சாவப் பாக்கற. உன்ன மாதிரி ஒரு ஏமாளிய இந்த மலையில நான் பாத்ததில்லணா."



ரஞ்சிதம் வீட்டுக்குப் போகவில்லை. பச்சையம்மா வந்ததும் அவர் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னாள். பச்சையம்மா விதைக்கூடையைத் தூக்கிப் பழைய இடத்திலேயே கட்டினாள். "அப்பவும் சளின்னுதான சொன்ன," என்றாள். அன்றிலிருந்து அவரைத் தனியே விடவில்லை. மலைக்குக் கீழே ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் முதலில் தூக்கத்தைப் பற்றித்தான் கேட்டார். மாதாமாதம் வரச் சொன்னார். மாத்திரைகள் பச்சையம்மாவின் முந்தானை முடிச்சில் இருந்தன. ரஞ்சிதம் வீடு வீடாகப் போய், அவர் கொடுத்த பொருளையெல்லாம் திரும்ப வாங்கினாள். திருந்திய மனுஷன் மறுபடி கெட்டுவிட்டான் என்று ஊருக்கு வருத்தம். சடையன் மட்டும் கொடுவாளைத் தீட்டிக் கொடுத்தார்.

ஆடி பிறந்ததும் ரஞ்சிதத்தின் மலட்டுப் பசுவைத் தீர்த்தகிரியின் மாட்டோடு பூட்டினார்கள். பசுவுக்கு ஏர் என்றால் என்னவென்று தெரியாது. சால் பாம்பு போன வழியாக இருந்தது. ஊர் வரப்பில் நின்று சிரித்தது. சாமை பாதிதான் விளைந்தது. மறுவருஷத்து விதையை எடுத்து வைத்துவிட்டு மீதியைச் சாப்பிட்டார்கள்.

ரஞ்சிதம் உண்மையை ஊருக்குச் சொல்லாமல் இருப்பாளா? ஊர் பாதி நம்பியது. வீரன் வீட்டார் நம்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள், பெண்ணைக் கொடுத்தாயிற்றே. துரைக்கண்ணு எதிரில் வந்தால் ஒற்றையடிப் பாதையை விட்டு இறங்கி நடப்பார். தீர்த்தகிரியும் மன்னிக்கவில்லை. சில நாள் அந்த நினைப்பு திரும்ப வரும். அன்றைக்குத் தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போய், "இன்னிக்குச் செரியில்லம்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வார். அதைச் சொல்லப் பழகவே அவருக்கு ஒரு வருஷம் ஆயிற்று. ஒவ்வொரு ஆனியிலும் ரஞ்சிதம் வந்து, வெதை இருக்குதாணா என்று கேட்பாள். அவர் கூடையை இறக்கி, பூச்சை உடைத்துக் காட்டுவார்.

எண்பத்துமூன்றில் அவள் வருவதற்கு முன்பே கூடையை இறக்கிப் பார்த்தார். எலி துளைத்திருந்தது, உமிதான் மிச்சம். பிறகு காலிக் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டிப் போய் ரஞ்சிதத்தின் வாசலில் நின்றார். பிறந்ததிலிருந்து யாரிடமும் ஒரு பொருள் கேட்டறியாத மனுஷர். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இருமுறை இருமினார்.

"ஒரு படி வெதை குடும்மா. வெதைக்கணும்."

ரஞ்சிதம் இரண்டு படி அளந்து போட்டாள்.